பாய்மரப் படகில் சோலார்: பேனல் வோல்டேஜும் சார்ஜ் கன்ட்ரோலரும்

புதிதாக வாங்கிய ‘12 வோல்ட்’ சோலார் பேனலை நண்பகல் வெயிலில் வைத்து, மல்டிமீட்டரின் முனைகளால் தொட்டால் 21 வோல்ட் காட்டும். சில பேனல்களில் 22-ஐயும் தாண்டும். படகில் இருப்பதோ 12 வோல்ட் பேட்டரி. பேனல் பழுதா, பேட்டரி வெந்துபோகுமா என்று முதன்முறை பொருத்துபவர் தயங்கி நிற்கும் இடம் இதுதான். இரண்டும் இல்லை. பேனல் சரியாகவே இருக்கிறது. ஈய-அமில பேட்டரியை முழுதாக நிரப்ப 14.4 வோல்ட் வேண்டும். வெயிலில் காயும் பேனலோ வோல்டேஜை இழந்துகொண்டே போகும். அந்த இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் தயாரிப்பாளர்கள் இவ்வளவு கூடுதல் வைக்கிறார்கள்.

லங்காவியில் கிளம்பி, திருகோணமலையில் தங்கி, மாலத்தீவு வழியாகத் தென்னாப்பிரிக்கா வரை போகும் 35, 40 அடிப் பாய்மரப் படகுகள் உண்டு. குளிர்பெட்டி, ஆட்டோபைலட், ஏஐஎஸ், ரேடியோ, நங்கூர விளக்கு எல்லாம் ஒரே பேட்டரித் தொகுப்பை நம்பி ஓடுகின்றன. நடுக்கடலில் எலக்ட்ரீஷியன் கிடைக்கமாட்டார். பேனல் வோல்டேஜும் கன்ட்ரோலரும் எப்படி வேலை செய்கின்றன என்பது படகுக்காரருக்கே தெரிந்திருக்க வேண்டும். அதற்கான கணக்கு பள்ளிக்கூடப் பெருக்கலைத் தாண்டாது.

லேபிளில் எதைப் படிப்பது

பேனலின் பின்பக்க லேபிளை, பொருத்துவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். கூரையில் ஒட்டிவிட்டால் பிறகு அதைப் பார்க்க வழியில்லை. 36 செல் கொண்ட 100 வாட் பேனலில் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

- விஓசி 21.6 வோல்ட். எதனுடனும் இணைக்காதபோது இருக்கும் வோல்டேஜ். ஒரு செல்லுக்கு 0.6 வோல்ட், 36 செல்லுக்கு 21.6.
- விஎம்பி 18 வோல்ட். பேனல் முழு வாட்டையும் தரும் நிலையில் இருக்கும் வோல்டேஜ்.
- ஐஎம்பி 5.56 ஆம்பியர். அதே நிலையில் பாயும் மின்னோட்டம். 18-ஐ 5.56-ஆல் பெருக்கினால் 100 வாட்.
- ஐஎஸ்சி 6 ஆம்பியர். இரு முனைகளையும் நேராக ஒன்றுசேர்த்தால் பாயும் மின்னோட்டம். ஃபியூஸ், வயர் கணக்குக்கு இது வேண்டும்.

கன்ட்ரோலரைக் காப்பாற்றுவது விஓசி. பேனல் வேலை செய்யும்போது எத்தனை வோல்ட்டில் இருக்கும் என்பதைச் சொல்வது விஎம்பி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

வீட்டுக் கூரைக்கான பல பேனல்களில் 60 செல் இருக்கும். விஓசி 37-லிருந்து 40 வோல்ட். வாட்டுக்கு ஆகும் விலை குறைவு என்பதால் படகின் பின்பக்க வளைவுச் சட்டத்தில் பலர் இவற்றைப் பொருத்துகிறார்கள். தவறில்லை. ஆனால் அதற்குரிய கன்ட்ரோலர் வேறு.

குளிரில் ஏறும், வெயிலில் இறங்கும்

லேபிளில் உள்ள எண்கள் எல்லாம் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது அளந்தவை. காற்றின் வெப்பநிலை அல்ல, செல்லின் வெப்பநிலை. திருகோணமலையில் நங்கூரமிட்ட படகின் பேனல் மதியம் 65 டிகிரியை எளிதாகத் தொடும். சிலிக்கான் பேனலில் டிகிரிக்குச் சுமார் 0.3 சதவீதம் விஓசி குறையும். செல் குளிர்ந்தால் அதே அளவு கூடும்.

இடம் மாறாத வீட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. படகு தட்பவெப்பம் மாறி மாறிப் பயணம் செய்வது. விஓசி 37 வோல்ட் உள்ள இரண்டு வீட்டுப் பேனல்களைத் தொடராக இணைத்து, 75 வோல்ட் வரம்புள்ள கன்ட்ரோலரில் ஒருவர் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் மொத்தம் 74 வோல்ட். மலேசியாவில் சிக்கலின்றி ஓடும். அதே படகு கேப் டவுனில் ஒரு குளிர்காலக் காலையில் நிற்கிறது. செல் 8 டிகிரி. 17 டிகிரி குறைவு, 5.1 சதவீதம் கூடுதல். மொத்தம் 77.8 வோல்ட். சூரியன் பேனலில் பட்டவுடன், பேனல் சூடாவதற்கு முன்பே, கன்ட்ரோலர் கருகிப்போகலாம். வரம்பு மீறிய வோல்டேஜால் ஏற்படும் சேதம் பொதுவாக வாரன்டியிலும் வராது.

குறிப்பு: தொடரில் உள்ள பேனல்களின் விஓசியைக் கூட்டி, 1.2-ஆல் பெருக்குங்கள். விடை கன்ட்ரோலரின் வோல்ட் வரம்புக்குள் இருந்தால், படகு போகக்கூடிய ஏறக்குறைய எல்லாக் கடலுக்கும் அது போதும்.

எந்த கன்ட்ரோலர்

கடையில் இரண்டு வகை கிடைக்கும். பிடபிள்யூஎம் என்பது வேகமாக இணைத்துத் துண்டிக்கும் ஒரு சுவிட்ச்தான். இணைந்திருக்கும்போது பேனலின் வோல்டேஜ் பேட்டரியின் அளவுக்கே இறங்கிவிடும். 18 வோல்ட்டில் 100 வாட் தரக்கூடிய பேனல், 13 வோல்ட்டில் உள்ள பேட்டரியுடன் சேர்ந்தால் 5.56-ஐ 13-ஆல் பெருக்கி வரும் 72 வாட்தான் தரும். மிச்சம் வீண்.

எம்பிபிடி அப்படியல்ல. பேனலை அதன் விஎம்பியிலேயே ஓடவிட்டு, கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றி பேட்டரிக்கு அனுப்பும். அதே 100 வாட்டில் 5 சதவீத இழப்பைக் கழித்தாலும் 13 வோல்ட்டில் 7.3 ஆம்பியர் கிடைக்கும்.

விளம்பரங்கள் இதோடு நின்றுவிடும். வெப்பமண்டலக் கடலில் கணக்கு வேறு. 65 டிகிரியில் அந்தப் பேனலின் விஎம்பி ஏறத்தாழ 15 வோல்ட்டுக்கும், வாட் 84-க்கும் இறங்கிவிடுகிறது. பேட்டரி 14.4 வோல்ட்டில் நிரம்பிக்கொண்டிருந்தால் பிடபிள்யூஎம்மும் எம்பிபிடியும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தரும். அதனால், கட்டுமிடத்தில் சும்மா நிற்கும் படகின் பேட்டரியைக் காக்க, 36 செல் பேனல் ஒன்றுடன் ஒரு மலிவான பிடபிள்யூஎம் போதும். அதற்குக் கூடுதல் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

படகிலேயே வாழ்பவருக்கும் நீண்ட பயணம் போகிறவருக்கும் எம்பிபிடிதான். 60 செல் பேனல் என்றால் வேறு வழியே கிடையாது. 32 வோல்ட்டில் 300 வாட் தரும் பேனலை பிடபிள்யூஎம்மில் மாட்டினால் சுமார் 122 வாட்தான் வரும். பாதிக்கும் மேல் போய்விடும்.

எம்பிபிடியின் பெயரிலேயே இரண்டு எண்கள் இருக்கும். விக்ட்ரான் நிறுவனத்தின் 75/15 என்றால், பேனல் பக்கம் 75 வோல்ட்டைத் தாண்டக்கூடாது, பேட்டரி பக்கம் 15 ஆம்பியருக்கு மேல் தராது. ஆம்பியர் வரம்பைப் பேனல் கொஞ்சம் மீறினால், ஐஎஸ்சி வரம்புக்குள் இருக்கும்வரை, கன்ட்ரோலர் தானே குறைத்துக்கொள்ளும். வோல்ட் வரம்பை மீறினால் மன்னிப்பே இல்லை.

கீழ் எல்லையும் உண்டு. இதே வகை கன்ட்ரோலர்கள் வேலையைத் தொடங்க, பேனல் வோல்டேஜ் பேட்டரியை விட 5 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். 24 வோல்ட் பேட்டரி உள்ள படகில் 36 செல் பேனல் ஒன்றை மட்டும் மாட்டினால் நாள் முழுக்க வெயில் அடித்தாலும் ஒரு ஆம்பியர்கூட ஏறாது. இரண்டைத் தொடராக இணைத்தாக வேண்டும்.

நிழல்: பாய்மரப் படகின் தனிச் சிக்கல்

வீட்டுக் கூரையில் நிழலைத் தவிர்த்துவிடலாம். படகில் பாய்மரம், பூம் கட்டை, பக்கவாட்டு எஃகுக் கயிறுகள், ரேடார் தூண் எல்லாமே நிழல் போடும். போதாததற்கு, நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றோடு சுற்றிக்கொண்டே இருக்கும். காலையில் வெயில் பட்ட பேனல் மதியம் நிழலில் இருக்கும்.

பேனலின் செல்கள் தொடராக இணைந்தவை. ஒரு செல்மீது நிழல் விழுந்தால் அந்த வரிசையே தடைபடும். பைபாஸ் டயோடுகள் அந்த வரிசையை ஒதுக்கிவிட்டு மின்சாரத்தை வேறு வழியில் விடும். 60 செல் பேனலில் வழக்கமாக மூன்று டயோடுகள், 36 செல்லில் பெரும்பாலும் இரண்டு. 36 செல்லில் பாதி ஒதுங்கினால் விஎம்பி 9 வோல்ட்டுக்கு வந்துவிடும். அதை வைத்து 12 வோல்ட் பேட்டரியை நிரப்ப முடியாது. ஒரு கயிற்றின் நிழல் முழுப் பேனலையும் பயனற்றதாக்குவது இப்படித்தான்.

இரண்டு பேனல்களை எப்படி இணைப்பது என்ற கேள்வி இங்கே வருகிறது. தொடராக இணைத்தால் வோல்டேஜ் கூடும், ஆம்பியர் அப்படியே இருக்கும். மெல்லிய வயர் போதும். இணையாக இணைத்தால் வோல்டேஜ் அப்படியே இருக்கும், ஆம்பியர் கூடும். ஒன்று நிழலில் இருந்தாலும் மற்றது தடையின்றி வேலை செய்யும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இருக்கும் பேனல்களுக்கு மிகச் சிறந்த வழி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய எம்பிபிடி. செலவு கொஞ்சம் கூடும். ஆனால் ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். கடலில் அது பெரிய பலம். பணம் ஒரே கன்ட்ரோலருக்குத்தான் இருக்கிறது என்றால் இணையாக இணைப்பதே நல்லது. பின்பக்க வளைவுச் சட்டத்தில் நிழலே படாமல் அருகருகே இருக்கும் ஒரே மாதிரி பேனல்களைத் தொடராக இணைக்கலாம்.

குறிப்பு: நங்கூரமிட்டதும் பூம் கட்டையை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டிவிடுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் கூடுதல் ஆம்பியர் இது.

எச்சரிக்கை: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பேனல்களை இணையாக இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். ஒன்றில் ஷார்ட் ஏற்பட்டால் மற்றவை எல்லாம் சேர்ந்து அதற்குள் மின்சாரத்தைத் தள்ளும்.

வயர்க் கணக்கு

150 வாட் பேனல் இரண்டு, இணையாக, ஒவ்வொன்றிலும் 8.3 ஆம்பியர், சேர்ந்து 16.6. வளைவுச் சட்டத்திலிருந்து கன்ட்ரோலருக்கு 6 மீட்டர் என்றால் போகவும் வரவும் 12 மீட்டர் வயர். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் சுமார் 0.87 வோல்ட் வழியிலேயே போய்விடும்; 18 வோல்ட்டில் இது ஏறத்தாழ 5 சதவீதம். 10 சதுர மில்லிமீட்டரில் 0.35 வோல்ட், 2 சதவீதத்துக்குள். 3 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்ல அளவு. இதே பேனல்களைத் தொடராக இணைத்தால் 4 சதுர மில்லிமீட்டரே போதும். தொடர் இணைப்பின்மேல் பலருக்கு ஆசை வருவது இதனால்தான்.

வீட்டு வயர் வேண்டாம். உப்புக் காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்து, உறைக்குள்ளேயே கருத்துப்போகும். வெள்ளீயம் பூசிய படகு வயரை வாங்குங்கள்.

பொருத்தும் வரிசை

வரிசை மாறினால் கன்ட்ரோலர் போகும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது ஒன்றுதான்: இணைக்கும்போது பேட்டரி முதலில், கழற்றும்போது பேனல் முதலில்.

1. மோதிரம், கடிகாரம், சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் பேட்டரி முனைகளுக்கு நடுவே மாட்டிய மோதிரம் நொடியில் பழுத்து விரலைச் சுட்டுவிடும்.

2. பேனல்களை வெளிச்சம் புகாத தடித்த துணியால் மூடுங்கள். பேனலுக்கு நிறுத்தும் சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் இருக்கும்வரை அதில் மின்சாரம் இருக்கும்.

3. கன்ட்ரோலரை பேட்டரிக்கு அருகில், ஆனால் பேட்டரிப் பெட்டிக்கு வெளியே, செங்குத்தாகப் பொருத்துங்கள். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அருகில் தீப்பொறி ஆகாது. இன்ஜின் அறையும் வேண்டாம். பல கன்ட்ரோலர்கள் 40 டிகிரிக்கு மேல் தம் அளவைக் குறைத்துக்கொள்ளும். மேலும் கீழும் காற்று போக 10 சென்டிமீட்டர் இடம் விடுங்கள்.

4. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் ஹோல்டரை வையுங்கள். அமெரிக்கப் படகு மின்தரமான ஏபிஒய்சி இதற்குச் சொல்லும் பொதுவான தூரம் 7 அங்குலம், அதாவது 18 சென்டிமீட்டர். 30 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். அந்த வயர் 40 ஆம்பியரைத் தாங்க வேண்டும். ஃபியூஸை இப்போது போடாதீர்கள்.

5. கன்ட்ரோலரின் பேட்டரி வயர்களை நேராக பேட்டரித் தொகுப்புக்குக் கொண்டுபோங்கள். படகின் மெயின் சுவிட்சைத் தாண்டிய பக்கத்தில் இணைத்தால், யாராவது அந்த சுவிட்சை அணைக்கும்போது பேனல் மட்டும் தனியாக கன்ட்ரோலரில் நிற்கும். பேட்டரி மானிட்டரின் ஷன்ட் இருந்தால், நெகட்டிவ் வயரை ஷன்ட்டின் மறுபக்கத்தில், மற்ற சாதனங்கள் சேரும் முனையில் இணையுங்கள். பேட்டரி முனையிலேயே இணைத்தால் சோலார் தரும் ஆம்பியரை மானிட்டர் எண்ணாது.

6. மீட்டரால் பாசிட்டிவ், நெகட்டிவ் சரிபார்த்து ஃபியூஸைப் போடுங்கள். கன்ட்ரோலர் விழித்துக்கொள்ளும். 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்பதைப் பலவும் இப்போதே கண்டுபிடித்துக்கொள்ளும். பேட்டரி முதலில் வரவேண்டியதற்கு இது ஒரு காரணம்.

7. பேட்டரி வகையை அமையுங்கள். விவரம் அடுத்த பகுதியில்.

8. பேனல் வயரின் முனையில், கன்ட்ரோலரில் சேர்ப்பதற்கு முன், துணியை விலக்கி விஓசியை அளந்து பாருங்கள். லேபிளோடு ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும்; வெயிலில் காய்ந்த பேனலில் 12 சதவீதம் வரை குறையலாம். மைனஸ் குறி வந்தால் முனைகள் மாறியிருக்கின்றன. பிறகு மீண்டும் மூடுங்கள்.

9. பேனல் பக்கத்தில் டிசிக்கென்றே செய்த பிரேக்கர் ஒன்றை வைத்து, அது அணைந்திருக்கும்போது வயர்களை இணையுங்கள். வீட்டு ஏசி பிரேக்கர் உதவாது; டிசி மின்பொறி தானாக அணையாது, பிரேக்கருக்குள்ளேயே எரியும். சில டிசி பிரேக்கர்களுக்குத் திசை உண்டு. பிரேக்கரின் மேல் உள்ள குறியைப் பாருங்கள்.

10. துணியை எடுத்து, பிரேக்கரைப் போட்டு, ஆம்பியர் ஏறுகிறதா என்று பாருங்கள்.

எம்சி4 கனெக்டர்களை மின்சாரம் பாயும்போது ஒருபோதும் இழுக்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஆண் முனையை இன்னொரு கம்பெனியின் பெண் முனையில் செருகுவதும் கூடாது. பார்க்கப் பொருந்தினாலும் உள்ளே சரியாகத் தொடாமல் சூடேறி உருகும். பாசிட்டிவ், நெகட்டிவ் வயர்களைச் சேர்த்து முறுக்கியே கொண்டுபோங்கள். பிரித்துப் போட்டால் அருகிலுள்ள காந்தத் திசைகாட்டி விலகும்.

பேட்டரிக்கு ஏற்ற அமைப்பு

இங்கே கடைசி வார்த்தை பேட்டரி தயாரிப்பாளருடையது. பொதுவான அளவுகள் இவை: நீர் ஊற்றும் ஈய-அமில பேட்டரிக்கு 14.4 முதல் 14.8 வோல்ட் வரை, ஏஜிஎம்முக்கு 14.4 முதல் 14.7, ஜெல்லுக்கு 14.1 முதல் 14.4, லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு 14.2 முதல் 14.4. நிரம்பியபின் தாங்கிப் பிடிக்கும் ஃப்ளோட் அளவு ஈய-அமிலத்தில் 13.2-லிருந்து 13.8, லித்தியத்தில் 13.5-க்கு அருகில்.

ஜெல் பேட்டரியை நீர் ஊற்றும் பேட்டரியின் அமைப்பில் ஓட்டினால் அது உலர்ந்து கெடும். லித்தியத்துக்கு ஈக்வலைசேஷன் எனும் கூடுதல் வோல்டேஜ் சார்ஜும் வெப்பநிலைத் திருத்தமும் அணைந்திருக்க வேண்டும். செல் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அதைச் சார்ஜ் செய்யவே கூடாது. ஈய-அமிலத்துக்கு நேர்மாறாக வெப்பநிலைத் திருத்தம் அவசியம். சூடான பேட்டரிக்கு வோல்டேஜைக் குறைக்காவிட்டால் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். லித்தியத்தில் இன்னொன்று: உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ் ஆபத்தில் பேட்டரியைத் துண்டித்தால், பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் கன்ட்ரோலரில் நிற்கும். அந்தத் துண்டிப்புக்கு முன்பே கன்ட்ரோலரை நிறுத்தச் சொல்லும் இணைப்பு இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

மீட்டர் சொல்வதைப் புரிந்துகொள்ள

நண்பகல், நல்ல வெயில், பேனல் 20 வோல்ட், சார்ஜ் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். பதறி எல்லாவற்றையும் கழற்றுபவர்கள் உண்டு. முதலில் பேட்டரியைப் பாருங்கள். அது 13.5 வோல்ட்டில் நிரம்பி நின்றால் பழுது எதுவும் இல்லை; தேவை இல்லாததால் கன்ட்ரோலர் இழுப்பதை நிறுத்தியிருக்கிறது. குளிர்பெட்டியை ஓடவிடுங்கள், ஆம்பியர் உடனே ஏறும்.

பேட்டரி 12.2 வோல்ட்டில் இருந்தும் பேனல் விஓசியிலேயே நின்றால் அது பழுது. பேட்டரி பக்க ஃபியூஸைப் பாருங்கள், பிறகு திருகுகளை.

பேனல் வோல்டேஜ் லேபிளில் பாதியாக இருந்தால் நிழல், அல்லது பைபாஸ் டயோடு ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. பேனல் வோல்டேஜ் சரியாக இருந்து, ஆம்பியர் மட்டும் எப்போதும் குறைவாகவே வந்தால் உப்பும் பறவை எச்சமும்தான் முதல் சந்தேகம். நல்ல தண்ணீரும் மென்மையான துணியும் போதும். கன்ட்ரோலர் 14.4 காட்டும்போது பேட்டரி முனையில் 14.1 மட்டும் இருந்தால், இடையில் உள்ள வயர் மெலிசு அல்லது ஒரு முனை தளர்ந்திருக்கிறது. கன்ட்ரோலர் பேட்டரி நிரம்பிவிட்டதாக நினைத்து முன்கூட்டியே குறைத்துக்கொள்ளும். ஈய-அமில பேட்டரி இப்படி அரைகுறையாக நிரம்பியே ஆயுளை இழக்கும்.

ரேடியோவில் இரைச்சல் வருகிறதா? பேனல் பிரேக்கரை அணைத்துக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் காரணம் எம்பிபிடி. ஃபெரைட் வளையங்களை வயரில் மாட்டலாம். தொலைதூர ஹெச்எஃப் பேச்சு நடக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு சோலாரை அணைத்து வைப்பது அதைவிட எளிது.

படகு அலையில் ஓயாமல் ஆடுவதால் திருகுகள் தளரும். நீண்ட கடல் பயணத்துக்கு முன் பேனலை மூடி, பிரேக்கரை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி, கன்ட்ரோலரின் எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். உதிரியாக ஃபியூஸ் இரண்டும், எம்சி4 ஜோடி ஒன்றும், ஒரு சிறிய பிடபிள்யூஎம் கன்ட்ரோலரும் பெட்டியில் இருக்கட்டும். 36 செல் பேனல் உள்ள படகில் பிரதான கன்ட்ரோலர் போனாலும், நங்கூர விளக்கையும் ஜிபிஎஸ்ஸையும் ரேடியோவையும் கரை சேரும்வரை ஓட்ட அது போதும்.